புல்லுக்குள் இரண்டாவது தடம்

பூனா மகர்பட்டாவில் என் மகன் வாங்கியிருக்கும் பிளாட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. அதைத் தாண்டி இன்னும் விற்காமல் கிடக்கும் கொஞ்சம் கரும்பு நிலம். சாயங்காலமானால் அங்கிருந்து இரண்டு மூன்று நரிகள் எங்கள் சுவர் ஓரம் வருகின்றன. கட்டிடத்தில் சில பேர் மிச்சச் சோற்றையும் கோழி எலும்பையும் கொண்டுபோய் வைக்கிறார்கள். வைக்கலாமா கூடாதா என்று கமிட்டியில் சண்டை. ஏழாவது மாடி சுந்தர், கோயமுத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை, என்னிடம் வந்தார். "நீங்க காட்டுக்குள்ள இருந்த ஃபேக்டரியில வாட்ச்மேன் வேலை பாத்தீங்களாமா. ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார்.

நான் வாட்ச்மேன் இல்லை, தர்வான், கேட்டில் ஆளைச் சோதித்து உள்ளே விடுகிறவன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஒரு வார்த்தையில் சொல்லவும் எனக்கு வராது. பள்ளிக்கூடம் அதிகம் போனவனில்லை, எழுதவும் கை ஓடாது. நான் சொல்லச் சொல்ல அவரே எழுதிக்கொள்கிறார்.

தொழிற்சாலையின் பேர் வேண்டாம். பூனாவுக்கு வெளியே, மலை அடிவாரத்தில், வெடிமருந்து செய்யும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதை பாரூத் கம்பெனி என்போம். என் அப்பா அங்கே மூட்டை தூக்கினார். எனக்கு தர்வான் வேலை கிடைத்தது. கொஞ்ச மாதம் ஓடவிட்டார்கள், சல்யூட் அடிக்கச் சொன்னார்கள், யார் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று காட்டினார்கள். பயிற்சி அவ்வளவுதான். பிறகு உள்கேட்டில் போட்டார்கள்.

உள்கேட் என்றால் மருந்துக் கட்டிடங்கள் இருக்கும் பகுதிக்குப் போகும் கேட். அங்கே எவன் வந்தாலும் தடவிப் பார்க்காமல் விடக்கூடாது. பெரிய சாப் வந்தாலும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். தீப்பெட்டி, பீடி, லைட்டர், சாவிக்கொத்து, இரும்பு மோதிரம், சுண்ணாம்பு வைக்கும் தகர டப்பா, எல்லாம் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆணி அடித்த செருப்பு கூடாது. எங்கள் லத்திக்குக்கூட அடியில் பூண் கிடையாது. இரும்பும் கல்லும் உரசினால் ஒரு பொறி போதும். பட்டாசு, துப்பாக்கி, தீப்பந்தம் பேச்சே கிடையாது. தகரத்தைத் தட்டி ஓசை எழுப்பினால்கூட சீட்டுக் கிழியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் மிருகத்தை விரட்ட எது எதெல்லாம் செய்வார்களோ, அது எல்லாமே எங்களுக்குத் தடை.

எங்கள் மேலே ஜமேதார் எத்திராஜ். ராணிப்பேட்டைப் பக்கம். மிலிட்டரியில் இருந்துவிட்டு வந்தவர். மெலிந்த ஆள், காதில் நரைமயிர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யாராவது தப்புப் பண்ணினால் உள்ளங்கையை மட்டும் தூக்கிக் காட்டுவார், அவ்வளவுதான், ஆள் நின்றுவிடுவான். தடவிப் பார்க்கும்போது கையை வாங்கி மோந்து பார்ப்பார். பீடி குடித்தவனை மட்டுமில்லை, பீடிக் கட்டைத் தொட்டவனையும் சொல்லிவிடுவார். "காலைல வெங்காயம் உரிச்சியா, பொண்டாட்டி ஊருக்குப் பூட்டாளா?" என்று கேட்பார். அவர் பெண்சாதி செத்து வெகுநாள். ஒரே மகளை ராணிப்பேட்டையில் கொடுத்திருந்தார். குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார்.

மருந்துக் கட்டிடம் ஒவ்வொன்றையும் சுற்றி மண்மேடு போட்டிருப்பார்கள். ஒன்று வெடித்தால் பக்கத்துக் கட்டிடத்துக்குப் போகாமல் மேலே போகட்டும் என்று. அந்த மேட்டைத்தான் நரிகள் தோண்டின. வளை வைத்துக் குட்டி போட்டன. மேடு ஓட்டையானால் அது மேடே இல்லை. புகை போட முடியாது, சுட முடியாது. நான் சேருவதற்கு முன்னாலேயே எத்திராஜ் ஜமேதார் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். மேடுகளிலிருந்து விலகி, மலைப்பக்கம், ஒரு பெரிய பாறை இருந்தது. கேன்டீனில் முந்தின ஷிப்டின் மிச்சச் சோறு, கறி வெட்டும் நாளில் எலும்பு, ஜவ்வு, எல்லாவற்றையும் ஒரு மரவாளியில் வாங்கி, மத்தியான சைரன் அடித்ததும் அந்தப் பாறையில் கொண்டுபோய் வைப்பார். வாளிக்குக் கயிற்றுக் கைப்பிடி, இரும்பே கிடையாது. சைரனுக்கு எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள், உள்ளே ஆள் இருக்காது, அதனால் அந்த நேரம். தீனி ஓர் இடத்தில் கிடைத்தால் நரி அங்கேயே தங்கும் என்பது கணக்கு. கணக்கு சரியாகவே வந்தது. வளைகள் நின்றன. பழைய ஆபீசர்களும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள்.

கேட்டிலிருந்து பாறைக்குப் போக ஒரு ஒற்றையடித் தடம். மழைக்குப் பிறகு இரண்டு பக்கமும் புல் ஆள் உயரம் நிற்கும். ஜமேதார் அதற்குள் போனால் தலைகூடத் தெரியாது, குரல்தான் கேட்கும். நடக்கும்போது அவருக்குத் தனியாகப் பேசும் பழக்கம். மகள் வீட்டு விஷயம், மாப்பிள்ளை லாரி வாங்கி நஷ்டப்பட்டது, முழங்கால் வலி. கோபமாக இல்லை, பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு சொல்வதுபோல. கேட்டில் உட்கார்ந்து நாங்கள் சிரிப்போம்.

முதல் வருஷங்களில் சைரன் தொடங்கியதுமே நரிகள் பாறைமேல் வரிசையாக வந்து உட்காரும். சைரன் ஓயும் முன்னே எல்லாம் வந்திருக்கும். பிறகு வரிசை குறைந்தது. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும், அந்த மழைக்காலம் முடியும்போது ஒரு நரியும் இல்லை. சோறு அப்படியே காய்ந்து கிடக்கும். எலும்பு மட்டும் இருக்காது. காக்காய்கூட இறங்கவில்லை. மயில்கள் அகவும் நேரத்தில் அகவாமல் இருக்கும். ஜமேதார் மட்டும் வாளியோடு போய்வந்தார். "பழக்கத்த விட்டா மறுபடி மேட்டத் தோண்டும்பா" என்றார். தோண்ட ஏது நரி என்று நாங்கள் கேட்கவில்லை.

இன்னொன்று. கேட்டில் எங்கள் சோதனைக் கொட்டகைக்குப் பின்னால் சில நாள் சுடுசோறு வாசனை வரும். நல்ல வாசனை அரிசி வடித்த மாதிரி. கேன்டீன் அங்கிருந்து வெகுதூரம், காற்றும் அந்தப் பக்கத்திலிருந்து இல்லை. "யார் ஊட்டுப் பொம்பள புல்லுக்குள்ள சோறு வடிக்கிறா?" என்று ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வோம். எனக்கென்னவோ அந்த வாசனை வந்தால் சாப்பாடு இறங்காது.

தீபாவளி கழிந்து புல் மஞ்சளானதும் வெட்டியாக வேண்டும். கோடையில் தீப்பிடித்தால் எல்லாம் போயிற்று. பக்கத்துக் கிராமத்துப் பெண்களை கான்ட்ராக்டர் கூட்டிவருவார். அவர்கள் அரிவாளை எண்ணித்தான் உள்ளே விடுவோம். தீட்டுவதானால் கேட்டுக்கு வெளியே வந்துதான் தீட்ட வேண்டும். அதில் சகூபாய் என்று ஒருத்தி. நாற்பது வயசு இருக்கும், விதவை, வாய்த்துடுக்கு. ஜமேதாரை மாமா என்பாள். தீட்ட வரும்போதெல்லாம் என்னை வம்புக்கு இழுப்பாள். உன்னைத் தடவிப் பார்க்க இங்கே பெண் ஆள் இல்லையே என்று நான் சொன்னால், உன் அம்மாவைக் கூட்டிவா என்பாள்.

ஒருநாள் அவள்தான் அரிவாளோடு வந்து நின்று மராத்தியில் கேட்டாள்: "பாறைக்கு மாமாகூட நடந்து போறது யாரு?"

யாரும் இல்லை, தனியாகத்தான் போகிறார் என்றேன்.

"அப்போ எதுக்கு ரெண்டு தடம்?"

போய்ப் பார்த்தேன். புல்லை வெட்டி எடுத்த இடத்தில் ஜமேதாரின் தடம் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு இடது கைப்பக்கம், இரண்டு ஆள் படுக்கிற அகலத்துக்கு அப்பால், இன்னொரு தடம். அதுவும் அதே மாதிரி தேய்ந்து, மண் மினுமினு என்று இருந்தது. ஜமேதார் தடம் வளையும் இடத்தில் அதுவும் வளைந்தது. அவர் மூச்சு வாங்க நிற்கும் கல் ஒன்று உண்டு. அதற்கு நேராக அந்தத் தடத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து புல் செத்துப்போன ஒரு வட்டம். பாறை வரைக்கும் போயிற்று. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் கேட் வரைக்கும் வந்தது. எங்கள் கொட்டகையின் பின்சுவரை ஒட்டி முடிந்தது. அங்கே புல் அழுந்தி, பாய் விரித்த மாதிரி ஒரு படுக்கை. நான் தினமும் சாய்ந்து உட்காரும் சுவருக்கு அந்தப் பக்கம். அந்த இடத்தில்தான் சோற்று வாசனை கனமாக இருந்தது. பின்னால் வந்த பாரஸ்ட் கார்டு சொன்னார், அது தன் இடம் என்று அடையாளம் வைத்தால் இப்படித்தான் மணக்குமாம்.

எச்சமும் கிடந்தது. அதில் நரிமயிர்.

ஜமேதாரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். குனிந்து இரண்டாவது தடத்தில் கையை வைத்தார். மோந்தார்.

"நரிய ஒண்ணொண்ணா தின்னுகிது" என்றார். பிறகு, "நான் பேசுனதெல்லாம் கேட்டுகினே வந்துகிது, ஏழுமல" என்றார்.

சிறுத்தை என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சகூபாய்தான் மராத்தியில் பிப்ட்யா என்று அதன் பேரைச் சொல்லி, சொன்னதும் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

அப்போது செக்யூரிட்டி ஆபீசர் புதிதாக வந்திருந்தார். இளவயசு, நல்ல மனுஷர், படித்தவர். தடத்தைப் பார்த்து அவருக்கு முகம் வெளுத்தது. தீனி வைத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம், நாளையிலிருந்து நிறுத்து என்றார். ஜமேதார் ஒத்துக்கொண்டார், காரணம் அதுதான் என்று. ஆனால் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, சைரன் அடித்தால் ஒரு ஆள் வருவான் என்று அதற்குப் பழகிவிட்டது, ஆள் வராவிட்டால் அது ஆளைத் தேடிக்கொண்டு வரும், தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக மலைப்பக்கம் தள்ளிக்கொண்டே போய் வெளியே விட்டுவிடலாம் என்றார். ஆபீசர் சட்டத்தைச் சொன்னார். காட்டு மிருகத்துக்குத் தீனி வைப்பது குற்றம், தன் கையெழுத்தில் அதை நடத்த முடியாது என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாளி கேட்டில் கவிழ்ந்து கிடந்தது. பெண்கள் கூட்டமாகத்தான் வேலை செய்ய வேண்டும், கேட்டை ஒட்டித்தான் சாப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பாரஸ்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

நிறுத்தின நாள்களில் சைரன் அடித்தால் ஜமேதார் எழுந்து நிற்பார். பிறகு உட்காருவார். கொட்டகைக்குப் பின்னால் வாசனை முன்னைவிட அதிகமாக வந்தது. காலையில் பெருக்கின மண்ணில் அதன் பாதச்சுவடு கிடந்தது, விரல்கள் எங்கள் பெஞ்சைப் பார்த்து. அதை யாரும் மிதிக்கவில்லை, பெருக்கவும் இல்லை.

அப்படி ஒரு நாள் மத்தியானம். ஆபீசர் கேட்டுக்கு வந்திருந்தார், நான் தடவிப் பார்த்து முடித்திருந்தேன். சைரன் அடித்து ஓய்ந்தது. பெண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். சகூபாய் இல்லை. காலையில் சுக்கட் என்கிற கருவாட்டுச் சட்னியைப் பங்கு போடுவதில் அவர்களுக்குள் வாய்த்தகராறு, கோபித்துக்கொண்டு துணிமூட்டையோடு போய்விட்டாள் என்றார்கள். எங்கே என்றால் தெரியாது.

ஜமேதார்தான் பார்த்தார். கையை நீட்டினார்.

அவள் பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். கோபத்தில் பயம் மறந்திருக்கும்; புல் வெட்டின கட்டைகளுக்கு நடுவே வேறு எங்கே உட்காருவாள்? சுத்தமான இடம், போகத் தடமும் இருக்கிறது. எங்களுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, தலை குனிந்து, பாக்ரி ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், பாறையின் மேல் விளிம்பில், அது உட்கார்ந்திருந்தது. முன்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பந்தியில் இலைக்குக் காத்திருப்பதுபோல. நல்ல வெயில். ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது. அது எங்களைப் பார்க்கவில்லை. அவள் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆபீசர் விசிலை வாயில் வைத்தார். ஜமேதார் உள்ளங்கையைத் தூக்கினார். ஆபீசருக்கு எதிரே அப்படித் தூக்கியது அந்த ஒருநாள்தான். விசில் அடித்தால் அவள் எழுந்து திரும்புவாள், பார்ப்பாள், ஓடுவாள். ஓடினால் முடிந்தது. பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஜமேதார் கவிழ்ந்து கிடந்த வாளியை எடுத்தார். அதில் ஒன்றும் இல்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டார். தினமும் போவதுபோல நடந்தார், தினமும் பேசுவதுபோல பேசிக்கொண்டு. புல் வெட்டியாகிவிட்டது, முழு ஆளும் தெரிந்தார். முதலில் தமிழ் கேட்டது, என்ன என்று பிடிபடவில்லை. பாதி தூரம் போனதும் அதே ஏற்ற இறக்கத்தில், குரல் ஒரு இழை மாறாமல், மராத்தி வந்தது.

"சகூபாய், மாகே பகூ நகா." பின்னால் பார்க்காதே. "சாப்பாட்டை அங்கயே வுட்டுடு. எழுந்திரு. என்னைப் பாத்துகினே வா. ஹளூ ஹளூ, மெதுவா மெதுவா. என் மூஞ்சிய மட்டும் பாரு."

உடனே மறுபடி தமிழ். அந்தத் தமிழ் யாருக்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அவள் தலையைத் தூக்கினாள். அவர் முகத்தில் என்ன பார்த்தாளோ, வாய்த்துடுக்குக்காரி, ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்தாள். பாறையிலிருந்து இறங்கினாள். பின்னால் அதுவும் எழுந்தது. அவள் தடத்தில் வந்தாள், அது இறங்கி தன் தடத்துக்குப் போயிற்று. கொஞ்ச தூரம் இரண்டும் ஒரே நேராக வந்தன, அவள் இங்கே, அது அங்கே. அவள் ஜமேதாரைத் தாண்டினாள். அவர் நிற்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, பேச்சையும் விடவில்லை. அது நின்றது. போகிறவளைப் பார்த்தது, வருகிறவரைப் பார்த்தது. பிறகு அது திரும்பி, அவர் பக்கத்தில், பாறையைப் பார்த்து நடந்தது.

சகூபாய் கேட்டுக்குள் வந்து விழுந்தாள். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

ஜமேதார் பாறையில் வாளியை வைத்தார். அவள் விட்டுவந்த பாக்ரியை எடுத்து அதற்குள் போட்டார். திரும்பி நடந்தார். அதுவும் வாளியை மோந்துவிட்டு, கூடவே திரும்பி வந்தது. எத்தனை நாள் அவரை இப்படிக் கொண்டுவந்து விட்டிருக்கும். கேட் அருகே அவர் எங்கள் பக்கம் வந்தார். அது கொட்டகைக்குப் பின்னால் தன் படுக்கைக்குப் போய்ப் படுத்தது. மறைக்கப் புல் இல்லை. இல்லை என்பது அதற்குத் தெரியவில்லை. திறந்த வெளியில், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, ஒளிந்துகொண்டதாக நினைத்துப் படுத்திருந்தது. யாரும் அசையவில்லை. வேலை ஆரம்பிக்கும் சைரன் அடித்தபோது எழுந்து போய்விட்டது.

ஜமேதார் என் முன்னால் வந்து கையைத் தூக்கினார். தடவிப் பார்க்கச் சொல்கிறார். தடவினேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, முதுகு, இடுப்பு, எல்லாம். "அதுகிட்ட இன்னா சொன்னீங்க?" என்று காதோடு கேட்டேன்.

"இன்னா சொல்றது. பொண்ணு மாசமா கீறா. போன தடவ மாதிரி கலையாம நிக்கணும்னு சொன்னேன். வேற இன்னா சேதி கீது எங்கிட்ட?" என்றார். தூக்கின கையை அப்போதுதான் இறக்கினார்.

ஆபீசர் அன்றைக்கே ஜமேதார் சொன்ன வழிக்கு வந்தார். பாரஸ்ட்காரர்களும் வந்தார்கள், கூண்டில் ஆட்டைக் கட்டினார்கள். ஆடு கத்திக் கத்தி ஓய்ந்தது. அது கூண்டுப் பக்கமே போகவில்லை. கடைசியில் அவர்களே கண்ணை மூடிக்கொண்டார்கள். மலைப்பக்கச் சுவரை ஓர் இடத்தில் இடித்து வழி விட்டோம். ஜமேதார் தினமும் வாளியைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் தள்ளி வைத்தார். எலும்பையும் குறைத்துக்கொண்டே வந்தார். தினமும் அது கூடப் போயிற்று, கூட வந்தது. பெண்கள் வேலைக்கு வரவில்லை. சகூபாய் மட்டும் வந்து, கொட்டகைக்குள் உட்கார்ந்து, அவர் திரும்பும் வரை அரிவாளை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். புல் பாதி நின்றது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ஒருநாள் வாளியைச் சுவருக்கு வெளியே, மலைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மிச்சமிருந்த புல் வழியாக வந்ததால் கேட்டுக்கு அருகே வந்த பிறகுதான் அவரைப் பார்த்தோம். இடது பக்கம் எதுவும் தெரியவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"பூட்டுச்சா?" என்று கேட்டேன்.

"திரும்பிப் பாக்கல. கூட வர்ற சத்தம் இல்ல."

"சத்தம் எப்பவுமே இருந்ததில்லையே ஜமேதார்."

அவர் என்னைப் பார்த்தார். கையை இறக்காமல் இடது பக்கம் நின்ற புல்லைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "எப்பவுமே இருந்ததில்ல."

மறுநாள் காலையில் கொத்தனார்கள் வந்து சுவரை அடைத்தார்கள்.